கப்பின் மேல் ஒட்டிய பெயர்

"இருபது வருஷ சர்வீஸ். ஒரு கப் சிறுநீர் கேட்டா, அதுலயுமா திருட்டுத்தனம்?"

மேனேஜர் கத்தவில்லை. கத்துவது அவர் பதவிக்கு அழகில்லை. குத்துவதோடு நிறுத்திக்கொள்வார்.

எதிரே நின்றவர் சாயத் தொழிற்சாலையில் துணி உலர்த்தும் பிரிவில் வேலை பார்ப்பவர். ஓயாமல் சிகரெட் பிடிப்பதால் 'புகைபோக்கி' என்று பெயர். தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

கம்பெனி டாக்டரம்மா அறிக்கையைப் புரட்டினார். "சிறுநீர்ல உதிர்ந்து வர்ற செல்லுங்களோட ஜீனைப் பார்க்கிற பரிசோதனை இது. இவர் பேர் ஒட்டின கப்புல ஆம்பளை செல் ஒண்ணுகூட இல்லை. முழுக்க ஒரு பெண்ணோடது."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. "சிகரெட் குட்டு வெளிப்பட்டுடும்னு வீட்டுக்காரியைத் துணைக்கு அனுப்பியிருக்கான். ஏன்யா, ஊசி போடணும்னாலும் அவங்க கையைத்தான் நீட்டுவியா?"

"தப்புதான் சார்." அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "அதுல ஏதாவது இருக்காம்மா?"

"பாருங்க டாக்டர். வேலை போகப் போகுது, துரைக்கு ரிசல்ட் வேணுமாம்."

"இருந்தா மறைக்காம சொல்லிடுங்கம்மா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கு. சிறுநீர்ப்பையோட உள்தோல்ல சில செல்லுங்களுக்கு ஜீன் மாறியிருக்கு. கண்ணுக்கு எல்லாம் நல்லாத் தெரியலாம். ஆனா புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாம ஆரம்பிக்கும். உடனே உள்ள கேமரா விட்டுப் பார்க்கணும். இப்பவே கவனிச்சா பிழைக்க வைக்கலாம். தள்ளிப்போட்டா, என்னால சொல்ல முடியாது."

"எதனாலம்மா வருது?"

"புகை ஒரு காரணம். சில சாயப் பொருளும்தான்."

சாயம் என்றதும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். இவன் சம்சாரம் நம்ம வாசலைக்கூட மிதிச்சதில்லை. சாயம் பறந்தா போச்சு? எல்லாம் இவன் வீட்டுக்குள்ள ஊதின புகை. எழுதுங்க: இந்த நோய்க்கும் தொழிற்சாலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

டாக்டரம்மா பேனாவை எடுக்கவில்லை.

இப்படி ஒரு வரிக்காக நிர்வாகம் எத்தனை மாதமாகத் தவம் கிடந்ததோ, மேனேஜர் முகத்தில் கனிவே சுரந்துவிட்டது. அடுத்தவன் பொய்யைப் பிடித்துவிட்டால் நமக்கெல்லாம் எவ்வளவு சுலபமாக யோக்கியதை வந்துவிடுகிறது.

"கட்டினவளுக்கே நோயை வாங்கிக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனாய்யா? சரி, போ. வேலையை விட்டு எடுக்கலை. நம்ம கம்பெனி ஒரு குடும்பம். இங்க ஒவ்வொருத்தர் வீட்டுக் கஷ்டமும் எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்," என்றார் டாக்டரம்மா. "நீங்க உங்க மனைவியை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

"அவ போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சும்மா."

டாக்டரம்மா அறிக்கையை மறுபடி கையில் எடுத்தார்.

"அப்போ இது யாரோடது?"

"சாயம் கலக்குற தொட்டிகிட்ட நிக்கிறாங்களே, காண்ட்ராக்ட் அக்கா, அவங்களோடதும்மா. மூணு தடவை ரத்தமா போயிருக்கு. டெஸ்ட் பண்ணுங்கன்னு கெஞ்சினாங்க. நிரந்தர ஆளுங்களுக்கு மட்டும்தான்னு சார் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் ஒட்டிட்டாரு. அதான் என் கப்பை அவங்ககிட்ட குடுத்தேன்."