கத்தாரா, வியட்நாமா?

விமானி புகழ்வேந்தனுக்கு வெளிநாட்டில் இரண்டு வேலைகள் வந்திருந்தன. அடுத்தவர் கவலைக்காக ஸ்கூட்டரைத் தொடாத மளிகைக்கடை சேதுராமன், விஷயம் கேட்டுப் பாகூரில் அவன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வியட்நாம்ல ஆறு வாரம் ஓட்டினா ரெண்டு வாரம் லீவுண்ணே. ஹேமாவும் பசங்களும் ஊர்லயே இருப்பாங்க. கத்தார்னா குடும்பத்துக்கே வூடு தருவான், ஆனா லீவு கம்மி."

"கட்டினவள இங்க வுட்டுட்டு நீ வானத்துல சுத்தி இன்னாபா பண்ணப் போற? பெத்த புள்ளைங்களே உன்ன விருந்தாளியாதான் பாக்கும். கத்தாருக்குப் போ."

"அங்க வெயில் கொளுத்துமே."

"இங்க மட்டும் பனியா கொட்டுது?"

புகழ்வேந்தனுக்குக் கண் கலங்கியது. "இவ்ளோ அக்கறையா யாரும் சொல்லலண்ணே."

சேதுராமன் அரியாங்குப்பத்துக்கு விரைந்தார். வாசலிலேயே மனைவியிடம் சொன்னார்.

"வள்ளி, கட்டி வெச்ச சாமான எல்லாம் பிரி. புகழ்வேந்தன் பொண்டாட்டியும் கத்தாருக்குப் போயிடுவா, இங்க குடிவரப் போறதில்ல. நாம காலி பண்ண வேணாம்."

அவர்கள் வருடக்கணக்கில் வாடகைக்கு இருந்தது புகழ்வேந்தனின் வீட்டில்.

மறுநாள் காலை அவனே போன் செய்தான்.

"அண்ணே, நீங்க சொன்னபடி குடும்பத்தோட கத்தார்தான். இனிமே அந்த வூடு எதுக்கு, வித்துடறேன். சாயங்காலம் வாங்குறவங்க வர்றாங்க, நீங்களே சுத்திக் காட்டிடுங்க. நீங்க எடுத்துச் சொன்னா எவனும் மறுக்க மாட்டான்."