பதியாத ரேகை

“திங்கட்கிழமையும் கைரேகை பதியலைன்னா அவ்வளவுதான், லல்லா. ஸ்பெயின் வேலை கைவிட்டுப் போயிடும்.” இத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாலைவன ஊரான சகோராவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஃபத்வாவை எல்லாரும் மரியாதையாக ‘லல்லா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இத்தோவை நாற்காலியில் உட்கார வைத்தாள். இத்தோவின் கணவன் பஸ்ஸூ சுண்ணாம்புப் பூச்சு வேலைக்காரன். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய், விசா அலுவலக எந்திரம் அவன் கையைக் கையாகவே மதிக்கவில்லை.

“போன வாரம் உன் வீட்டுக்காரர் வாசலின் வாங்கிட்டுப் போனாரே?”

“அந்த டப்பா தொலைஞ்சு போச்சு.”

“நல்லா குடும்பம் நடத்துற போ!” என்று ஃபத்வா தலையில் அடித்துக்கொண்டாள். “சரி, கவனமா கேளு. எண்ணெய் வெடிப்பை நிரப்பி மெத்துனு ஆக்கும். கிளிசரின் ஈரத்தை இழுத்துத் தோலுக்குக் கொடுக்கும். வாசலின் ஈரம் தராது. இருக்கிற ஈரத்தை வெளியே விடாம மூடி வைக்கும். தொழுகைக்குக் கை கழுவுறார்ல? துடைக்க விடாதே. அந்த ஈரத்தோட கிளிசரின், அதுக்கு மேல வாசலின்.”

“வாசலின் இல்லாம, கிளிசரினை மட்டும் தடவினா?”

“இந்தப் பாலைக் காத்துலயா? வெளியில இழுக்க ஈரம் ஏது? தோலுக்குள்ள இருக்கிறதையே இழுத்துக் காய வெச்சிடும். விரல் இன்னும் வெடிக்கும். அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதே.”

இத்தோ ஒவ்வொரு சொல்லையும் முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது. பஸ்ஸூவின் தம்பியும் ஸ்பெயினுக்குத் தக்காளித் தோட்ட வேலைக்குத்தான் போனான். பிளாஸ்டிக் கூடாரத்து வெக்கையில் சுருண்டு விழுந்தவன் பெட்டியில் திரும்பி வந்தான்.

“அழாதே. தம்பிக்கு ஆனது அண்ணனுக்கும் ஆகணுமா என்ன? அல்லாஹ் இருக்கான். ரேகை நல்லா பதியும் பாரு” என்றாள் ஃபத்வா.

ஃபத்வா எடுத்து வைத்த இரண்டில் கிளிசரின் பாட்டிலை மட்டும் இத்தோ தன் மேல்போர்வைக்குள் சொருகிக்கொண்டாள். வாசலின் டப்பாவை மெல்லத் திருப்பித் தள்ளினாள்.

“ஏன்டி, தொலைஞ்சது கிடைச்சிடும்னு நம்பிக்கையா?”

இத்தோ வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“தொலையலை, லல்லா. நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.”