கோயில் மாறிய சத்தியம்

பிளக்கைக் கடலில் போட்டது நான்தான்.

எஞ்சின் இருமி இருமி நின்றுபோயிருந்தது. கனிசியஸ் பிளக்கைக் கழற்றினான். "கொண்டா, நான் துடைச்சுத் தாறன்" என்று கேட்டு வாங்கினேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். கடலுக்கடியில் என் பெயரில் ஒரு சொத்துச் சேர்ந்தது.

மாற்றுப் பிளக் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தொலைந்துபோகக் கூடாதென்று வீட்டில், என் மனைவி இரத்தினம்மாவின் தையல் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

அறுபத்து நான்காம் ஆண்டு, பங்குனி மாதம். காலை ஒன்பது மணியிருக்கும். வேதாரணியத்திலிருந்து பீடி இலை ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். சட்டத்துக்குத் தெரியாத பயணம். பருத்தித்துறை வெளிச்சவீடு விரலளவு தெரிகிறது. பாயை விரிக்கலாமென்றால் ஒரு மூச்சுக் காற்று இல்லை. கிழக்கே போகவேண்டிய வள்ளத்தை நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போனது.

வள்ளம் என்னுடையது. இரத்தினம்மாவின் தாலிக்கொடியை விற்றுக் கட்டியது. இரண்டு வருடமாக அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். நான் கரையேறினால் "வள்ளம் சுகமோ?" என்றுதான் முதலில் கேட்பாள். என்னைப் பற்றிப் பிறகு, நினைவு வந்தால்.

கனிசியஸ் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

அவன் என் கூட்டாளி. அதற்கு முன் என் எதிரி. கரைவலை இழுக்கிற இடத்துக்காக அவனுடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடந்த சண்டையில் அவனுடைய இடது காதின் நுனியைக் கடித்து எடுத்தவன் நான். துடுப்பால் என் முன்பல் இரண்டையும் கழற்றியவன் அவன். கடித்த பற்களும் அவைதான் என்பதால் அதில் ஒரு நியாயம் இருந்ததை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

பிறகு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி, இனிமேல் ஒருவருக்கொருவர் கெடுதல் செய்வதில்லை என்று எங்களைச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். மரியாதையில் ஒருவரையொருவர் வெல்லவேண்டுமென்ற வீம்பு எங்கள் இருவருக்கும். நான் அவனுடைய அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியம் பண்ணினேன். அவன் எங்கள் வைரவர் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தான். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள்.

அவனிடம் வள்ளம் இல்லை, என்னிடம் எஞ்சின் அறிவு இல்லை. சேர்ந்துகொண்டோம். நல்லவன். ஒன்றுக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டான், அது மட்டும்தான். சாப்பிட்டியோ என்றால், "ஏன் அண்ணை, மெலிஞ்சு போனனோ?" என்பான்.

கிழக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சுங்கக்காரரின் லாஞ்ச்.

"பொதியளைத் தூக்கிப் போடுவம்" என்றேன். பொதி இல்லாவிட்டால் வழக்கு இல்லை. வள்ளம் தப்பும்.

பொதிகளை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டியவன் கனிசியஸ். முடிச்சு அவிழவில்லை, என் நகம்தான் உடைந்தது. கத்தியைக் கேட்டேன்.

"அதுவும் பிளக்கோடை போயிட்டுதோ தெரியாது, அண்ணை."

நானும் சிரித்தேன். அந்த நேரத்திலும் பகிடி விடுகிறானே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

லாஞ்ச் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் தும்மலுக்காக இவன் மறியலில் கம்பி எண்ணக்கூடாது. எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

"இஞ்சை பார், கனிசியஸ். வள்ளமும் என்ரை, பொதியும் என்ரை. நீ கூலிக்கு வந்தனி. என்ன ஏத்தினதெண்டே உனக்குத் தெரியாது. உனக்குக் கட்டிக்குடுக்க ரண்டு குமர் இருக்கு, விளங்கிச்சோ?"

அவன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லாஞ்ச் பக்கத்தில் வந்து நின்றது. தொப்பிக்காரர் ஒருவர் குனிந்தார். என்னை அவர் பார்க்கவேயில்லை.

"என்ன கனிசியஸ், பருத்தித்துறை முனைக்குக் கிழக்கை எண்டல்லோ சொன்னனீர்? விடியத் தொடக்கம் உம்மைத் தேடுறம்."

"இவர் பிளக்கைக் கடலிலை விட்டிட்டார், ஐயா."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு கெட்டித்தனமான காரியம் அந்தத் தும்மல்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கனிசியஸ் மடிக்குள்ளிருந்து கத்தியை எடுத்தான். ஒரு பொதியின் கட்டை அறுத்து அவர்களுக்கு இலையைக் காட்டினான். லாஞ்ச்காரர் எறிந்த கயிற்றைப் பிடித்து வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் கட்டினான். நல்ல கட்டு. அவன் கட்டினால் எதுவும் அவிழாது.

எனக்கு வைரவரின் நினைவு வந்தது. கனிசியஸ் சத்தியம் பண்ணியது என் சாமியிடம். தான் பயப்படுகிற சாமிக்கு முன்னால் அவன் வாயே திறக்கவில்லை. அந்தோனியாருக்கு வாக்குக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். நானும் அதைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"என்னத்துக்கடா?" என்றேன்.

"சுங்கக்காரர் என்ரை வள்ளத்தைப் பிடிச்சு மூண்டு வருசமாச்சு. அவையின்ரை முத்தத்திலை கிடந்து உக்குது. இன்னொண்டைக் காட்டித் தந்தால் அதை விடுறம் எண்டவை."

வள்ளம் இழுபடத் தொடங்கியது. வெளிச்சவீடு மெல்ல மெல்லப் பெரிதானது. கரையில் இரத்தினம்மாவுக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

எதிரி செய்துவிட்டான் என்றால் அவளிடம் சொல்லலாம். அவளும் தாங்கிக்கொள்வாள், நானும் தாங்கிக்கொள்வேன்.

"காதை நினைச்சுத்தானே செய்தனி? அந்தப் பழைய கோவந்தானே?"

ஓம் என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் அவனைக் கெஞ்சினேன்.

கனிசியஸ் அன்றைக்கு முதல்தரமாக என் முகத்தைப் பார்த்தான்.

"இல்லை அண்ணை. அந்தக் கோவம் போய்க் கனகாலம். சிநேகிதனெண்டு எனக்கு இருக்கிறது நீங்கள் ஒராள்தான்."