குணமானவர்கள்

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்க வந்த சைபுதீனுக்கு அதைக் கவனித்துவந்த டிரஸ்ஸர் தணிகாசலம் முதலில் பழக்கியது பேதி மருந்துதான்.

"காய்ச்சல் விட்டவனுக்குமா பேதி மருந்து, டிரஸ்ஸரே?"

"நீ சிரம்பான் மருந்துக் கடையில நின்னவன்லா. கடையிலதான் குணமாக்கி அனுப்புவாங்க. இங்க படுக்க வைக்கணும். சொன்னதைக் கலக்கு."

நோயாளிகள் பேரில் வரும் அரிசியை அமுக்கத்தான் இந்த வித்தை என்று சைபுதீன் மனதுக்குள் காறித் துப்பினான்.

டிரஸ்ஸர் தம்பின் டவுனுக்குப் போனதும் பேதி மருந்தைக் கொட்டிவிட்டு, நல்ல மருந்தாகக் கொடுத்தான். அவர் திரும்பியபோது ஆண்கள் எல்லோரும் எழுந்து நடமாடினார்கள். டிரஸ்ஸர் காலியான பேதி மருந்துப் புட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திருடனுக்குத் தேள் கொட்டிருச்சு" என்று சைபுதீன் இளித்தான்.

வாசலில் லாரி வந்து நின்றது. நடக்க முடிந்தவர்களை எல்லாம் ஜப்பான் சிப்பாய்கள், போனவன் திரும்பாத சயாமுக்கு, ரயில் பாதை போட ஏற்றினார்கள்.

"நல்ல மருந்து" என்று அதிகாரி மலாய் மொழியில் பாராட்டி, சைபுதீனின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.