பக்க ஓரத்துப் பகை

"மூலத்துக்கு மருந்து சொல்ற பக்கத்துல, 'இது பஞ்சநதத்துக்கு அவசரம்'னு எழுதியிருக்காரு ரெத்தினம். கீழ கையெழுத்து வேற" என்று கமலாம்பாள் வைத்தியப் புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள். பஸ் நிறுத்தமே சிரித்தது.

சுடர்விழி சிரிக்கவில்லை. நிழற்குடைக்குள் நின்ற அந்தப் பழைய புத்தகப் பீரோ அவள் வைத்தது. எடுங்கள், படியுங்கள், திரும்ப வையுங்கள், உங்களிடம் இருப்பதையும் வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். மாதக்கணக்கில் பல்லியைத் தவிர யாரும் பீரோவுக்குள் போகவில்லை.

"யாரும் தொடாத பீரோவுக்கு இங்க என்னம்மா வேலை? அறுவடை வரைக்கும் பாப்பேன். அப்புறம் அதைத் தூக்கிட்டு உரமூட்டை அடுக்கிடுவேன்" என்று சொல்லியிருந்தார் ஊராட்சித் தலைவர் அம்சவல்லி.

அப்போதுதான் பஞ்சநதம் ஒரு ராஜா கதையை எடுத்துப் போனார். கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட துரோகி வரும் பக்கத்தின் ஓரத்தில், 'ராத்திரியில் என் மடையைத் திறந்த ரெத்தினமும் இதே ரகம்' என்று எழுதித் திரும்ப வைத்தார். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு கிடையாது. எழுத்துக்கு யாரும் தடை சொல்லவில்லை.

ரெத்தினம் பதிலை ஒரு பேய்க் கதையில் வைத்தார். பேயின் பல்லை வர்ணிக்கும் இடத்தில், 'பஞ்சநதத்தை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்' என்று இருந்தது.

அதன்பிறகு பீரோவில் புத்தகம் தங்கவில்லை. திட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாததால் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. "கதை தெரிஞ்சாத்தானேடி திட்டு ருசிக்கும்?" என்றாள் கமலாம்பாள். வீட்டில் கிடந்த புத்தகங்களையும் ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். இருவருக்கும் எழுத இடம் வேண்டுமே.

தலைவர் உரமூட்டைப் பேச்சையே விட்டுவிட்டார். பேய்க் கதை அடுத்து தனக்குத்தான் என்று சொல்லி வைத்திருந்தார்.

கமலாம்பாள் வைத்தியப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "அய்யய்யோ, பஞ்சநதம் பதில் எழுதியிருக்காரு. 'நாளைக்கு விடிந்ததும் உன் வயலுக்குப் போகிற மடையை அடைக்கிறேன். ஆம்பளையாக இருந்தால் மண்வெட்டியோடு வா.'"

எல்லாரும் நெருங்கி வந்து அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு டீக்கடை மீரா உசேன், "நாளைக்கு டீயை மடைக்கே கொண்டாந்துடுறேன்" என்றார்.

"மண்வெட்டிங்க! யாரு தலையாவது உருண்டா என்ன பண்றது?" என்று கத்தினாள் சுடர்விழி. "புத்தகமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னிக்கே பீரோவைப் பூட்டிடுறேன்."

"பூட்டுடி, யாரு வேணாங்கிறா. நான் அந்தப் பேய்க் கதையை முடிச்சப்புறம் பூட்டு" என்றாள் கமலாம்பாள்.

சாவி கைவிரலில் தொங்க, சுடர்விழி வரப்பில் வேகமாக நடந்தாள். பஞ்சநதத்தின் காலில் விழுந்தாவது நாளைய சண்டையை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் அவர் மோட்டார் கொட்டகையில்தான் இருப்பார்.

பஞ்சநதத்தின் வயலைத் தாண்டித்தான் ரெத்தினத்தின் வயலுக்குத் தண்ணீர் போயாக வேண்டும். இரண்டு வயலிலும் பயிர் ஒரே உயரத்தில், ஒரே பச்சையில் நின்றது. அவள் கண் வரப்பில் இருந்தது, வரப்பு வழுக்கியது.

கொட்டகைக்குள் ரெத்தினத்தின் குரல் கேட்டது. நாளை வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை போல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவிடுக்கில் பார்த்தாள்.

ஒரே சாக்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு டப்பா முறுக்கு. பஞ்சநதத்தின் மடியில் சமையல் புத்தகம், கையில் பேனா.

"கழுதை வேணாம்ண்ணே, போன புத்தகத்துலயே போட்டாச்சு" என்றார் ரெத்தினம். "எருமைன்னு எழுதுங்க."

"எருமை பால் கொடுக்கும்யா. உனக்குப் பொருந்தாது."

சுடர்விழி கதவைத் தள்ளினாள். முறுக்கு ரெத்தினத்தின் வாயிலேயே நின்றது.

"எப்பலேருந்து பெரியப்பா இது?" என்றாள் பஞ்சநதத்திடம்.

பதில் சொன்னவர் ரெத்தினம். "என்னைத் திட்டினதைத் தேடி, பதில் எழுத இடம் தேடி, கதையெல்லாம் படிச்சுத் தொலைச்சுட்டேன்மா. அந்தப் பேய் கடைசியில ஏன் அழுதுச்சுன்னு யார்கிட்ட கேக்கிறது? எனக்கு அடுத்து அதை முழுசாப் படிச்சிருந்தது அப்ப இவரு ஒருத்தருதான். நேரா வந்து கேட்டுட்டேன்."

"நானும் இவன் வயலுக்கு மடையைத் திறந்துவிட்டுட்டு வந்து சொன்னேன்" என்றார் பஞ்சநதம்.

"அப்ப நாளைக்கு மண்வெட்டி?"

"கொஞ்சம் காரமா இருக்கட்டுமேன்னு எழுதினது. நாளைக்கு எனக்குக் காய்ச்சல், இவனுக்கு வயித்துப்போக்கு. யாரும் வரமாட்டோம்."

சுடர்விழி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். தெம்பு வந்ததும் எழுந்தாள்.

"இப்பவே போய் ஊருக்குச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்கன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷமா இருக்கும்!"

இருவரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து கதவை மறித்தார்கள்.

"சொல்லித் தொலைச்சிடாதம்மா," என்றார் பஞ்சநதம், "அப்புறம் ஒரு பய புத்தகத்தைத் தொடமாட்டான்!"