ஒன்று மிஞ்சும் எண்

ஆலயப் பண்டிகைக்கு எத்தனை தெரு வரும் என்பது அந்த வருடம் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டும் வரலாம், பத்தும் வரலாம். பயற்று மாவை உருட்டிச் சுடும் முந்திரிக்கொத்தைப் பங்கு வைக்கும்போது எந்தத் தெருவுக்கும் ஒன்று குறைந்துவிடக் கூடாது. அதனால் போன வருடம் எப்சிபா டீச்சர் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது சுடச் சொன்னாள். ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத மிகச் சிறிய எண் அது. சொன்னபடியே ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்போது வழிப்போக்கர் ஒருவர் வாசலில் வந்து கைநீட்டினார். எண்ணிக் கட்டிய பொட்டலத்தை எந்தத் தெருவும் பிரிக்கவில்லை. டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் வந்தது எட்டுத் தெரு. தெருவுக்கு முந்நூற்றுப் பதினைந்து போக, தாம்பாளத்தில் ஒன்று கிடந்தது.

"டீச்சருக்கே கணக்கு பெசகிட்டுல்லா!" என்று அடுப்படி லில்லிபாய் சிரித்தாள்.

"பெசகல மைனி. நாந்தான் ஒண்ணு கூட்டிச் சொன்னேன். ரெண்டு தெரு வந்தாலும் பத்து தெரு வந்தாலும் ஒண்ணு மிஞ்சும். அது கர்த்தர் அனுப்புற ஆளுக்கு." டீச்சரின் தலை நிமிர்ந்தே இருந்தது.

லில்லிபாய் சிரிப்பை நிறுத்தினாள். "அடுத்த வருசம் பாலத்துக்கு அங்கிட்டுள்ள புதுத்தெருவும் சேருதாம். பதினோரு தெரு வந்தா?"

"ரெண்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எத்தன வந்தாலும் ஒண்ணு மிஞ்சணும்னா, இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு சுடணும்."

லில்லிபாய் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

"பயறு எத்தன மூடை வேணும்னு சொல்லுங்க டீச்சர்."