பறிமுதலான ஜாம் ரோல்

“ஏனுங்க, இந்தத் தடவை சுகர் ஏழுக்கு மேல போச்சுன்னா கடைச் சாவி என் தம்பி கைக்கு. நீங்களே ஒத்துக்கிட்டதுதான். ஞாபகம் இருக்குதுங்களா?”

குன்னூரில், டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து சசிரேகா இதைச் சொன்னபோது மழை பெய்ததா, வெறும் மூடுபனிதானா என்பது எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவள் கணவர் மனோகரன் ஸ்வெட்டரின் காலிப் பைக்குள் கையை விட்டுக்கொண்டதில் சந்தேகமில்லை.

ஊட்டி வர்க்கி பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தே உரமேறிய கை அது. சர்க்கரை வியாதி என்று தெரிந்ததிலிருந்து அவருடைய பேக்கரியில் மைத்துனன் வினோத் காவல். வீட்டு வாசலில் மனைவியின் சோதனை.

“நான் எங்க புள்ள திங்கறது? ஜாம் ரோலு, தேங்கா பன்னு, ஒளிச்சுக் கொண்டாந்த அத்தனையும் வாசல்லயே புடுங்கிக்கிறயே.”

“பக்கத்து ஊட்டுக் கொழந்தைகளாச்சும் திங்கட்டும்னுதான். உங்களுக்குத் துணைக்கு வந்த பாவத்துக்கு அன்னிக்கு எனக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. இன்னும் கை வலிக்குது.”

உள்ளே டாக்டர் மகாலட்சுமி தாளிலிருந்து நிமிரவில்லை.

“ஒன்பது புள்ளி நாலு. இது மூணு மாசச் சுகர். டெஸ்டுக்கு முந்தி நாலு நாள் வாயைக் கட்டினா ஏமாத்திட முடியாது. ரத்தத்துல ஒட்டின சர்க்கரை மூணு மாசக் கதையையும் சொல்லிடும். இனிப்பு நிறையப் போயிருக்கு.”

“கேட்டீங்களா?” சசிரேகா கணவன் பக்கம் திரும்பினாள். “எங்க வெச்சுத் தின்னீங்க? அடுப்புக்குப் பின்னாலயா?”

“மாரியாத்தா சத்தியமா ஒரு துண்டுகூட…”

“ரத்தம் பொய் சொல்லுமாங்க?”

ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. மனோகரன் இடுப்பிலிருந்து கடைச் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

மருந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

“இது எதுக்கு? உங்களுது ஆறு புள்ளி மூணு. அருமையா இருக்கு.” தாளைச் சசிரேகாவின் பக்கம் நகர்த்தினார். “நான் படிச்சது அம்மாவோட ரிப்போர்ட்.”

கடை மனோகரனிடமேதான் இருக்கிறது. வினோத் மேட்டுப்பாளையத்தில் டெம்போ ஓட்டுகிறான். மனோகரன் இன்னும் ஒளித்துக் கொண்டுவருகிறார், சசிரேகா இன்னும் பிடுங்குகிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள்தான் பாவம், இப்போதுதான் முதன்முதலாக ஜாம் ரோல் ருசி பார்க்கிறார்கள்.